மூன்றாம் கூப்பாடு: சுபேதார் பெரியண்ணன் அவர்கள் நினைவாக

அன்று காலை முதல் வேலையாகப் பள்ளிக்கூடத்துக் கிணற்றில் கயிற்றை விட்டுப் பார்த்தேன். மழை பொய்த்த இந்த வருஷத்தில் அதுவும் தலைமையாசிரியையின் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. நனைந்த பகுதி என் கைக்கு மூன்று சாண் இருந்தது. விடுதிப் பெண்கள் குளிக்கப் போதாது, குடிக்கப் போதும். அப்படி நினைத்துக்கொண்டே ஈரக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தபோது காளியண்ணன் வாசற்படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். எப்போதும் சைக்கிளில் ஏறியபடியே வந்து கிணற்றடியில் குதிக்கிறவர், அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்.

“டீச்சரம்மா, சுபேதாரு போயிட்டாருங்க.”

“எப்போ?”

“வெடியாலங்க. கம்மஞ்சோத்தைக் கரைச்சுப் பக்கத்துல வெச்சிருந்தாரு. குடிக்கல.”

கயிற்றை முழுவதும் சுற்றி முடித்து ஆணியில் மாட்டினேன். அழுகை வரவில்லை. சில வருஷங்களாகவே எனக்கு எதற்கும் உடனே அழுகை வருவதில்லை. எங்காவது உட்காரவேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை, சுபேதார் அவர்களின் பழைய ஆட்கள் புதுச்சத்திரத்தில் ஓர் இரங்கல் கூட்டம் வைக்கிறார்கள். அங்கே படிப்பதற்கு நான்கு பக்கம் எழுதவேண்டும் என்று காளியண்ணன் கிணற்றடியிலேயே கேட்டுக்கொண்டார். கூட்டத்துக்கு வருகிறவர்களில் சிலர் அவரை அறிந்தவர்கள். மற்றவர்கள் அவரைப்பற்றி ஒரே ஒரு விஷயத்தை மட்டும் அறிந்தவர்கள். இரு சாராருக்குமாக இதை எழுதுகிறேன்.

பெரியண்ணன் அவர்கள் புதுச்சத்திரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூரில், பிறர் காட்டில் ஏர் ஓட்டிப் பிழைத்த குடும்பத்தில் பிறந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பதினெட்டு வயதில் சேலத்துக்கு நடந்தே போய்ப் படையில் சேர்ந்தார். வடமேற்கு மலைகளில் பல வருஷம் கழித்து, ஒவ்வொரு படியாக ஏறி, சுபேதார் ஆனார். யுத்தம் பர்மாவுக்குள் வந்தபின், எதிரியின் முதுகுப்புறமாகக் காட்டுக்குள் புகுந்து, பாலத்தையும் சாமான் கிடங்கையும் அழித்துவிட்டுத் திரும்பும் சிறு படைகளை அமைத்தார்கள். அப்படி ஒரு படைக்கு நாற்பது பேரைத் தேர்ந்தெடுத்துப் பழக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. கொல்லிமலை அடிவாரத்தில் முகாம். மேலே ஒரு கேப்டன் துரை உண்டு. ஆனால் ஆட்களை அறிந்தவர் சுபேதார்தான்.

மற்ற இடங்களில் மார்பளவு பார்த்து ஆள் எடுத்தார்கள். இவர் காய்ந்த சோளக்காட்டுக்குள் ஆளை விட்டு, மறுபக்கம் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தட்டை சலசலத்தால் அந்த ஆளுக்குப் பழைய வேலைதான். என்னிடம் செய்தி கொண்டுவந்த காளியண்ணன் அந்தக் காலத்தில் நிலக்கடலை திருடுவதில் பேர் போனவர். இதை எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். “தாராளமா எழுதுங்க, எங்க சம்சாரத்துக்கே தெரியும்” என்றார். நான்கு வருஷமாக எந்தக் காவற்காரன் கையிலும் சிக்காத மனிதரைச் சுபேதார் தேடிக்கொண்டு போயிருக்கிறார். திருடனையா எடுப்பது என்று துரை முகம் சுளித்தபோது, “இவனைப் புடிக்க நாலு ஊருக்காரங்க முயற்சி பண்ணியிருக்காங்க சார். என்னால இவ்வளவு நல்லா ஒருத்தனைப் பழக்க முடியாது” என்று சொன்னாராம்.

நான் அவரை அறிந்தது ஒரு புத்தகத்தின் வழியாக. துரை கொடுத்த பயிற்சிக் கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. உருது மொழிபெயர்ப்பு ஒன்றும் ஆங்கில எழுத்திலேயே அச்சாகியிருந்தது. “நம்மாளுங்களுக்கு அது ரெண்டும் ஒண்ணுதானுங்க” என்று சொல்லிக்கொண்டு, ஒரு சனிக்கிழமை மாலை அதைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். பட்டணத்தில் பி.ஏ. படித்த பெண் நாமக்கல்லில் இருக்கிறாள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். உட்காரச் சொன்னேன்.

“புள்ளைங்க உக்கார்ற பெஞ்சிங்க. இந்தப் பூட்ஸோட நான் உக்காரக் கூடாதுங்க.”

கடைசிவரை அவர் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்ததில்லை. ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். நான் மேஜையில் எழுதுவேன். அவர் நின்றபடியே கேட்பார். பள்ளி ஆயா எங்களுக்கு எதிரே தரையில் அமர்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பாள். முதல் நாள் நான் சிரமப்பட்டு எழுதிய வாக்கியம் இது: “போர்வீரன் நடக்குங்கால் யாதொரு சப்தமும் எழுப்பலாகாது.” படித்துக் காட்டினேன். அவர் மரியாதையாகக் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

“நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா இதை எம்பசங்ககிட்டப் படிச்சா, கோயில்ல என்னமோ படிக்கறாங்கன்னு கும்புட்டுட்டுத் தூங்கிருவானுங்க.”

“அப்படின்னா நீங்களே சொல்லுங்க.”

“செருப்புச் சத்தம் கேட்டுச்சுன்னா செத்தே. அவ்வளவுதானுங்க.”

ஆயா சிரித்துவிட்டாள். அதன்பிறகு நான் கல்லூரித் தமிழைக் கட்டி வைத்தேன். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வேன். அவர் அதைத் தம் ஆட்களிடம் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொல்வார். அதை எழுதிக்கொள்வேன். நான் பலருக்குப் பாடம் சொல்லியிருக்கிறேன். ஒரு வாக்கியத்தைக் கேட்கிறவன் எங்கே தூங்குவான் என்று அவ்வளவு துல்லியமாக அறிந்த ஒருவரை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. காட்டில் போகும்போது அவர் வரிசையின் கடைசியில்தான் நடப்பாராம். ஏன் என்று கேட்டேன். “முன்னால போனா எனக்கு வழிதானுங்க தெரியும். பின்னால போனாத்தான் எவன் நொண்டறான், எவன் தண்ணியை ஒளிச்சுக் குடிக்கறான், எவனுக்கு ஊட்டு நெனப்பு வந்துருச்சுன்னு தெரியும்” என்றார்.

கடைசிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கம் வந்தது. எதிரி ஒட்டுக்கேட்டு நம் ஆட்களின் பெயரைத் தெரிந்துகொள்வான். மறைவில் இருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவான். பதில் கொடுத்தால் குரல் வந்த திசையில் சுடுவான். ஆகவே அன்றன்றைக்கு உரிய ரகசியச் சொல்லைக் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகே பதில் கொடுக்கவேண்டும் என்று அந்தப் பக்கம் சொன்னது. சுபேதார் தலையை ஆட்டினார்.

“இது ஆகாதுங்க. சொல்லு தெனம் மாறுமுங்க. பயத்துல அவனவன் பேரே மறந்துபோகுது. இதெங்கிருந்து ஞாபகம் வரும்?”

எனக்கு அன்று தலைவலி. சீக்கிரம் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகவேண்டும் என்று இருந்தது. தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே சொன்னேன்:

“நம்ம ஊர்ல இருட்டுல யாராச்சும் வாசல்ல நின்னு கூப்பிட்டா, மூணாவது கூப்பாட்டுக்குத்தானே வாயைத் தொறப்பாங்க? அதையே வெச்சுக்கங்களேன். இதை யாரும் புதுசாப் படிக்க வேண்டியதில்லை.”

“ஆமாங்க, முனியா இருந்தா ரெண்டோட நின்னுரும்” என்றாள் ஆயா, புளியிலிருந்து கையை எடுக்காமல்.

சுபேதார் மேஜைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார். “இன்னொரு தரம் சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன். அவர் யோசித்து, எதிரி தொடர்ந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, அதற்கும் விடையை அவரே கண்டுபிடித்தார். என் கையால் அந்தப் பக்கத்தில் எழுதினேன்: இரண்டு கூப்பாட்டுக்குப் பதில் கிடையாது. ஒவ்வொரு கூப்பாட்டுக்கும் நடுவே பத்து எண்ணவேண்டும். மூன்றோடு நிறுத்துகிறவன் நம் ஆள். நான்காவது கூப்பிடுகிறவன் எதிரி.

திடமாக நிற்கிற மனிதனை மட்டுமே மனத்தில் வைத்து எழுதிய சட்டம் அது. அரை உயிராகக் கிடப்பவன் என்ன செய்வான் என்ற கேள்வி எனக்கும் எழவில்லை, அவருக்கும் எழவில்லை, ஆயாவுக்கும் எழவில்லை. மூன்று பேருக்கும் சின்ன வயதிலிருந்து பழகிப்போன வழக்கம். பழகிப்போனதில் ஓட்டை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

இந்தச் சட்டம் என் வாயிலிருந்து வந்தது என்பது இதுவரை வேறு யாருக்கும் தெரியாது. ஆயா அடுத்த வருஷம் காலமானாள்.

என் தம்பி முத்துசாமி அப்போது அந்த முகாமுக்குச் சாமான் ஏற்றிவரும் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தான். எனக்குப் பதினான்கு வயது இளையவன். செல்லாயியைக் கட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது. நாற்பது பேரில் தானும் ஒருவனாகவேண்டும் என்று அவனுக்குப் பைத்தியம் பிடித்தது. சுபேதார் மறுத்துவிட்டார். “நல்ல பையனுங்க. ஆனா வாய் ஓயாதுங்க. இவனைக் கூட்டிட்டுப் போனா ஜப்பான்காரனுக்கு நாங்க தபால் போட வேண்டியதில்லை” என்று என்னிடமே சொன்னார்.

முத்து ஒன்பது நாள் வாய் திறக்கவில்லை. லீவில் வீட்டுக்கு வந்தபோதும் பேசவில்லை. செல்லாயி என்னிடம் ஓடிவந்தாள். கணவனின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவது வழக்கம். “ஏனுங்க நங்கையா, உங்க தம்பி வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருக்காரு? மாட்டுக்கிட்டப் பேசினாக்கூட அது தலையை ஆட்டுது, இவரு அதுகூட ஆட்ட மாட்டேங்கறாரு” என்று அழாத குறையாகச் சொன்னாள். பத்தாம் நாள் சுபேதார் அவனைச் சேர்த்துக்கொண்டார். அன்று மாலை அவன் பேசியதை நிறுத்த எங்களால் முடியவில்லை.

பயிற்சி முடிந்து கடைசி லீவில் வந்தபோது புதுச் சட்டத்தை வீட்டிலும் நடத்தினான். செல்லாயி சாப்பிடக் கூப்பிட்டால் முதல் இரண்டு தரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். மூன்றாம் தரம் “வந்துட்டேன்” என்பான். ஒருநாள் அவள் கோபத்தில் நான்காவது தரமும் கத்தினாள். “நாலாவது கூப்பிட்டா நீ ஜப்பான்காரி. சுபேதார் சட்டம்” என்றான். அவள் கரண்டியை எறிந்தாள். நான் சிரித்தேன். அது சுபேதார் சட்டம் இல்லை, என் சட்டம் என்று நாக்கு நுனிவரை வந்தது. நம் கெட்டிக்காரத்தனத்தை நாமே பீற்றிக்கொள்ளக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். அன்று அது அடக்கம். பின்னாளில் அதற்கு வேறு பெயர் வந்துவிட்டது.

அவர்கள் போனார்கள். அந்தச் சட்டம் காட்டில் பலமுறை அவர்களைக் காப்பாற்றியது என்று காளியண்ணன் சொல்கிறார். நாற்பது பேரில் முப்பத்தொரு பேரைச் சுபேதார் திரும்பக் கொண்டுவந்து சேர்த்தார். அதுபோன்ற படைகளில் அது பெரிய காரியம் என்று துரை எழுதிய கடிதத்தை நான் படித்திருக்கிறேன். திரும்பாத ஒன்பது பேரில் முத்து ஒருவன். எங்களுக்குத் தந்தி வந்தது. செல்லாயிக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

சுபேதாருக்கு முன்பே விடுப்பில் வந்துவிட்ட காளியண்ணன், டீக்கடையில் துக்கம் தாளாமல் நடந்ததைச் சொல்லிவிட்டார். முத்து அடிபட்டுக் கிடந்து இரண்டு தரம் கூப்பிட்டான், எழுந்த எங்களைச் சுபேதார் கையை நீட்டி அமுக்கிவிட்டார் என்று. அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் சட்டத்தின் நியாயம் டீக்கடையிலிருந்து வெளியே வரவில்லை. கூப்பிட்டும் போகாத ஆள் என்பது மட்டும் ஊர் ஊராக நடந்தது.

யுத்தம் முடிந்து அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். தம் சொந்த வீட்டுக்குப் போகுமுன் வந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. வாசலில் மூட்டையை இறக்கிவிட்டு நின்றார். நான் சொம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் செல்லாயி மாட்டுக் கொட்டகையிலிருந்து வந்து அவர் எதிரே நின்றுவிட்டாள்.

“எத்தனை தரம் கூப்பிட்டாரு?”

“ரெண்டு தரமுங்க, அம்மிணி.”

“உங்களுக்குக் கேட்டுதா?”

“கேட்டுதுங்க.”

“அவரு கொரலுன்னு தெரிஞ்சுதா?”

பொய் சொல்ல அங்கே ஓர் இடம் இருந்தது. அவர் அதைக் கடந்து போனார். “தெரிஞ்சுதுங்க” என்றார்.

“அப்பறம் ஏன் போகல?”

“எங்கூடப் பதினாறு பேரு கெடந்தாங்க அம்மிணி. அதே மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, முந்தின வாரந்தான் பக்கத்துக் கம்பெனில மூணு பேரை எடுத்துட்டானுங்க. கொரலை அப்படியே புடிப்பானுங்க. மூணாவது வந்தாத்தான் நகரறதுன்னு சட்டமுங்க.”

“பேய்க்கு வெச்ச சட்டத்தைக் கட்டினவனுக்கு வெச்சது யாரு?” அவள் குரல் உயரவில்லை. “சொல்லுங்க. எந்தப் பாவி அதை வெச்சது?”

நான் சொம்புடன் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருப்பேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

“நான்தானுங்க அம்மிணி” என்றார்.

செல்லாயி திரும்பி, என் கையிலிருந்த சொம்பை வாங்கி, தண்ணீரை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

அவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டார். நான் பின்னாலேயே ஓடி, வண்டித்தடத்தில் அவரை மறித்தேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள், அது நான் சொன்னதுதானே என்று கேட்டேன்.

“நீங்க சொன்னது பேச்சுங்க. அதைச் சட்டமாக்கி ஆளைக் கூட்டிட்டுப் போனது நானு. கூட்டிட்டுப் போறவன் மேலதானுங்க எல்லாம் வந்து விடியோணும்.”

“அவளுக்கு உண்மை தெரிய வேண்டாமா?”

“நீங்க அந்த அம்மிணிகூட ஒரே ஊட்டுல இருக்கோணும். அந்தப் புள்ளைக்கு உங்களை விட்டா யாரு இருக்கறாங்க? எனக்கு அந்த ஊட்டுல வேலை இல்லீங்க.”

பிறகு அந்தக் காலை நேரத்தைப்பற்றிச் சொன்னார். மூங்கில் காடு, முழங்கை தெரியாத பனி. வெயில் ஏறிப் பனி கலைந்ததும் போனார்கள். “நாப்பது அடிங்க. அவ்வளவுதான் தூரம்” என்றார். முத்துவைச் சுற்றிப் புதிய பூட்ஸ் தடங்கள் இருந்தனவாம். “மூணாவது கூப்பிட முடியாம போனானா, பக்கத்துல ஆளு நிக்கறது தெரிஞ்சு, நாங்க வந்து மாட்டிக்குவோம்னு கூப்பிடாம உட்டானா, எனக்குத் தெரியலீங்க. இதுல ஒண்ணு நெசமா இருந்தா எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும். ஆனா எதுன்னு சொல்ல எனக்கு உரிமை இல்லீங்க.”

வாய் ஓயாத என் தம்பி கடைசியில் மௌனமாகத்தான் அவர்களைக் காப்பாற்றினானா என்று நானும் பலநாள் யோசித்திருக்கிறேன். எனக்கும் உரிமை இல்லை. ஆகவே அதை இங்கே நிச்சயமாகச் சொல்லவில்லை.

அதன்பின் அவர் புதுச்சத்திரத்துப் பக்கம் தம் ஊரிலேயே இருந்தார். மனைவி முன்பே இறந்துவிட்டவர், பிள்ளைகள் இல்லை. இறந்துபோன மற்ற எட்டு பேர் வீட்டுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை போவார். கெங்கவல்லிவரை போவார். போனால் ஆறுதல் பேசமாட்டார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கி, ஒரு நாள் வேலையை முடித்துவிட்டுத் திரும்புவார். எங்கள் தோட்டத்துக்கு மட்டும் வர அவருக்கு வழியில்லை.

யுத்தத்திலிருந்து திரும்பியவர்கள் சங்கம் வைத்தபோது தலைவராக அவர் பெயரைச் சொன்னார்கள். பலர் முணுமுணுக்க, வேறொருவரைப் போட்டார்கள். சாலையோர டீக்கடைப் பெஞ்சில் இருப்பவர்கள் அவர் கடந்து போகும்போது “சுபேதாரே! சுபேதாரே!” என்று இரண்டு தரம் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சிரிப்பார்கள். சேலத்துக்குப் போகும் வழியில், பஸ் நின்றபோது, நான் அதை என் காதால் கேட்டேன். அவர் நடையின் வேகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. நான் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெண் பிள்ளைகளுக்குத் தினமும் உண்மை பேசுவதைப்பற்றிச் சொல்லிக்கொடுக்கிற வாய் இது.

கடைசியாக அவரைப் பார்த்தது சென்ற தை மாதம், நாமக்கல் ஆஸ்பத்திரி வாசலில். இருமிக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை தோளில் தொங்கியது. வெகுநாள் மனத்தில் வைத்திருந்ததைச் சொன்னேன்.

“செல்லாயிகிட்டச் சொல்லிடலாம்னு இருக்கேனுங்க.”

இருமல் அடங்கும்வரை கையைக் காட்டி நிறுத்தினார். பிறகு சொன்னார்: “எனக்காகச் சொல்லாதீங்க டீச்சரம்மா. எனக்கு இது பழகிப்போச்சு. உங்களுக்குச் சொல்லோணும்னு இருந்தாச் சொல்லுங்க. ரெண்டும் வேறங்க.”

இரண்டும் வேறுதான். அது தெரிந்தும் தை போய், மாசி போய், இதோ ஆடியும் வந்துவிட்டது. பரீட்சை, விடுதி, தண்ணீர்ப் பஞ்சம் என்று எனக்குக் காரணங்களுக்குக் குறைவில்லை. அலுப்பு என்பது மிகவும் மரியாதையான சாக்கு. யாரும் அதைக் கேள்வி கேட்பதில்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். ஊரார் ஆறேழு பேர் தள்ளி நின்றார்கள். அவருடைய ஆட்கள் பதினொருவர் வந்திருந்தார்கள். லாரி ஓட்டுகிறவர்கள், தறி நெய்கிறவர்கள், உழுகிறவர்கள். இளம்பிள்ளையிலிருந்து வந்த ஒருவர் தறியிலிருந்து அப்படியே எழுந்து வந்திருந்தார். சட்டையில் நூல் ஒட்டியிருந்தது. மண் தள்ளி முடிந்ததும் வரிசையாக நின்றார்கள். சல்யூட் அடிக்கவேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் கட்டளை கொடுக்க அங்கே ஆள் இல்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “யாராச்சும் சொல்லுங்கடா” என்றார் காளியண்ணன். “நீ சொல்றா, கள்ளக் கடலை” என்றார் நெசவாளர். வெயிலில் அப்படியே வெகுநேரம் நின்றார்கள். பிறகு, யாரும் எதுவும் சொல்லாமலே, பதினோரு கைகளும் சேர்ந்தாற்போல் நெற்றிக்கு ஏறி இறங்கின. அவர்களை அவர் எப்படிப் பழக்கியிருந்தார் என்பதற்கு இதைவிட நான் எழுத ஒன்றும் இல்லை.

கைகால் கழுவப் பக்கத்துக் கிணற்றுக்குப் போனோம். தோட்டக்காரர் வாளியை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டார். “தண்ணி கம்மிங்க” என்றார். பஞ்ச காலம், அது உண்மையாகவும் இருக்கலாம். “கூப்பிட்டவனுக்குப் போகாத ஆளு எழவுக்கு எதுக்குங்க எங்க கெணத்துத் தண்ணி?” என்று உள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. காளியண்ணன் என் முகத்தைப் பார்த்தார், நான் பெரிய மனுஷியாக ஏதாவது பதில் சொல்வேன் என்று. நான் மண் படிந்த கையோடு பஸ் ஏறினேன்.

இன்று காலை இதை எழுதிக்கொண்டிருக்கும்போது செல்லாயி மோர் கொண்டுவந்து வைத்தாள். தாளை எட்டிப் பார்த்தாள்.

“அந்த ஆளுக்கா எழுதறீங்க?”

“ஆமா.”

“என்னன்னு?”

நான் பேனாவை மைக்கூட்டில் தோய்த்தேன்.

“உங்க தம்பி கூப்பிட்டதையும் எழுதுங்க நங்கையா” என்றாள். “உட்டுராதீங்க.” மோரில் உப்புப் போட்டிருக்கிறதா என்று ஒரு சொட்டுக் கையில் விட்டுப் பார்த்துவிட்டு, சொம்பை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். நான்கு வருஷமாக எனக்குச் சமைத்துப்போட்டு, என் காய்ச்சலுக்குக் கண்விழித்து, இந்த வீட்டில் எனக்கென்று இருக்கும் ஒரே மனுஷி அவள். தன் அண்ணன் வந்து எத்தனையோ முறை கூப்பிட்டும் என்னைத் தனியே விட்டுப் போகமாட்டேன் என்று இருக்கிறாள்.

சுபேதார் அவர்களே, நீங்கள் எனக்காகச் சுமந்ததை இறக்கி வைக்க உங்கள் உயிர் இருக்கும்போதே எனக்கு நேரம் இருந்தது. நான் வரவில்லை. நாற்பது அடிகூட இல்லை அந்தத் தூரம். மன்னிப்புக் கேட்கிற இடத்தையும் நான் தாண்டிவிட்டேன். அலைச்சல் இல்லாத இடத்தில் இளைப்பாறுங்கள். இனி உங்களை யாரும் பாதியில் நிறுத்திக் கூப்பிடவேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இந்தத் தாள்களை நானே படிக்கப்போகிறேன். ஆனால் அதற்கு முன்பு, வெள்ளிக்கிழமை மாலை, செல்லாயியை எதிரே உட்கார வைத்து அவளுக்குப் படித்துக் காட்டுவேன். அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கூடியவள்தான். தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்கு நகர்ந்துகொள்ளலாம். அப்படிச் செய்யப்போவதில்லை. தலைவலியோடு நான் அந்த வாக்கியத்தைச் சொன்ன இடம் வரும்போது குரலைத் தாழ்த்தாமல் படிப்பேன். படித்து முடித்ததும் அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போக வண்டி கட்டச் சொன்னால் கட்டச் சொல்வேன். இதைக் காளியண்ணனிடம்கூட இன்னும் சொல்லவில்லை.